கீரையில் இரும்பு உண்டு, இரத்தத்தில் எவ்வளவு?

வாழைப்பூவை இரும்புக் கத்தியால் அரிந்தவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். சற்று நேரத்தில் கத்தி கறுக்கும், விரல் நுனி கறுக்கும், மோர்த் தண்ணீருக்குள் போடாத துண்டுகளும் கறுத்துப்போகும். துண்டுகள் கறுப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். கத்தியில் படியும் நீலக் கறுப்பு வேறு வகை. பூவின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. கடுக்காய்ச் சாற்றோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சிய பழைய ஆட்கள் இந்தச் சேர்க்கையை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அப்படிச் சேர்ந்த இரும்பு இலேசில் பிரிந்து வராது. எழுதிய எழுத்து ஈரம் பட்டும் கரையாமல் நின்றது அதனால்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு தேத்தண்ணி குடிக்கிறவர்களின் வயிற்றுக்குள்ளும் இதே சேர்க்கைதான் நடக்கிறது.

கல்கிசையில் கீரைக்குப் பஞ்சமில்லை. காலையில் காலி வீதிப் பக்கம் போனால் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முளைக்கீரை என்று கட்டுக் கட்டாகக் கிடக்கும். தெகிவளைப் பக்கமோ வெள்ளவத்தைச் சந்தைக்கோ போனால் அகத்தியும் முருங்கையிலையும் கிடைக்கும். வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்று ஒரு கோப்பை இலைக்கஞ்சியைக் கித்துள் கருப்பட்டித் துண்டோடு குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவ்வளவு பச்சையும் உள்ளே போகிறது. ஆனாலும் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இரும்பு குறைவு என்று வருகிறது, அதிலும் பெண்களுக்கு. "கீரை நிறையச் சாப்பிடுங்கோ, இரத்தம் ஊறும்" என்று அறிவுரை சொன்னால், "நாங்கள் சாப்பிடாத கீரையா?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தின்ற இரும்பு எங்கே போகிறது?

கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தமாக இருக்கும் இரும்பு 3 முதல் 4 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு செங்குருதிக் கலங்களில், ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்குள் இருக்கிறது. பழைய கலங்கள் அழியும்போது உடல் அந்த இரும்பை வீணாக்காமல் மறுபடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாளாந்த இழப்பு மிகச் சிறியது. ஆண்களுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம், மாதவிடாய் வயதுப் பெண்களுக்குச் சராசரியாக அதைவிட அரை மடங்கு கூட. சிலருக்கு இன்னும் அதிகம். சாதாரணமான ஒருநாள் சாப்பாட்டில் 10 மில்லிகிராம் இரும்பாவது இருக்கும். தேவை ஒன்றரை, தட்டில் பத்து. பற்றாக்குறைக்கு இடமே இல்லை என்றுதான் தோன்றும்.

கொழும்புத் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வந்து நின்றதும் அதிலுள்ள சரக்கு எல்லாம் நகருக்குள் வந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெட்டி இறங்க வேண்டும், திறக்க வேண்டும், சுங்கம் கடக்க வேண்டும். திறக்க முடியாத பெட்டி வந்த வழியே திரும்பிவிடும். போசாக்கு அட்டவணைகள் தருவது கப்பலில் என்ன இருக்கிறது என்ற பட்டியல். சுங்கம் கடந்து இரத்தத்துக்குள் வந்த பங்கை உடற்கிடைப்பு என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுவதும் உடற்கிடைப்பைப் பற்றியதுதான்.

இரும்பு உள்ளே வர இரண்டு வாசல்கள் உண்டு. இறைச்சி, மீன், ஈரல், யாழ்ப்பாணத்தார் வறுக்கும் ஆட்டு இரத்த வறை போன்றவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஈம் என்ற வளைய மூலக்கூறின் நடுவில் பத்திரமாக அமர்ந்திருக்கிறது. அந்த வளையத்தோடேயே அது குடற்சுவரைக் கடந்துவிடும். பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பது அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கீரை, பருப்பு, தானியம் தரும் இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரைப்பையின் அமிலத்தில் அது கரைகிறது. ஆனால் முன்சிறுகுடலுக்கு வந்ததும் அமிலத்தன்மை குறைய, மீண்டும் கரையாத நிலைக்குப் போகப் பார்க்கிறது. அந்தக் குறுகிய நேரத்தில் அதனோடு யார் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துவர்ப்புப் பொருட்களான பொலிபீனோல்கள் ஒட்டினால் கத்தியின் கறுப்புப் போல இறுகிவிடும். தானியத் தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பைற்றிக் அமிலம் ஒட்டினாலும் அதே கதி. விற்றமின் சி ஒட்டினால் இரும்பு கரைந்த நிலையிலேயே நிற்கும், குடற்கலம் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கும் மாறும்.

சொல்வது எளிது. ஒருவர் தின்ற கீரையிலிருந்து எத்தனை மில்லிகிராம் அவருடைய இரத்தத்துக்குப் போனது என்று எப்படி அளப்பது? உடலில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதற்குள் புதிதாக வந்த கால் மில்லிகிராமைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு வழி காட்டியவை இரும்பின் சமதானிகள். வேதியியலில் இரும்பாகவே நடந்துகொள்ளும், ஆனால் கருவி கொண்டு அடையாளம் காணக்கூடிய இரும்பு-55, இரும்பு-59 என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள வகைகள். வெனிசுவேலாவின் மிகுவேல் லெய்ரிசும் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர்களும் 1960களில் செய்த காரியம் இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அடையாளமிட்ட இரும்பு கலந்த கரைசலில் நெல், சோளம், அவரை, கீரை ஆகியவற்றை வளர்த்தார்கள். விலங்குகளுக்கு அதே இரும்பை ஊசி மூலம் ஏற்றினார்கள். பிறகு அந்த உணவுகளைச் சமைத்து மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏன் இரண்டு வாரம்? உறிஞ்சப்பட்ட இரும்பின் பெரும்பகுதி அதற்குள் புதிய செங்குருதிக் கலங்களில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ஒரு சிறு குழாய் இரத்தமே முழுக் கணக்கையும் சொல்லிவிடும். 1969இல் வெளியான அவர்களுடைய முடிவுகளில் அரிசியும் ஸ்பினாச் கீரையும் அடிவாரத்தில் கிடந்தன. அவற்றின் இரும்பில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான் உள்ளே போனது. மீன் தசையில் நூற்றுக்குப் பத்தை ஒட்டி, கன்றின் இறைச்சியில் இருபதை ஒட்டி.

ஒவ்வொரு பயிரையும் இப்படி வளர்ப்பது மாதக்கணக்கான வேலை. 1972இல் அமெரிக்காவின் குக் குழுவும் சுவீடனின் ஹால்பேர்க் குழுவும் ஒரு குறுக்கு வழி சரிவரும் என்று காட்டின. சமைத்த உணவில் அடையாள இரும்பைச் சிறிதளவு கலந்தாலே போதும். வயிற்றுக்குள் போனதும் அது தாவர இரும்போடு ஒன்றாகிவிடுகிறது, இரண்டும் ஒரே விகிதத்தில் உறிஞ்சப்படுகின்றன. இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒரே ஆளுக்கு ஒருநாள் இரும்பு-55 கலந்த சாப்பாடு, மறுநாள் அதே சாப்பாட்டோடு தேநீர் சேர்த்து இரும்பு-59. ஆளுக்கு ஆள் மாறும் வேறுபாடுகள் எல்லாம் அடிபட்டுப்போய், தேநீரின் விளைவு மட்டும் தனியே நிற்கும். இப்போது கதிர்வீச்சே இல்லாத நிலையான சமதானிகளைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் சிறுவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும்கூட அளக்க முடிகிறது.

நமக்கு மிக நெருக்கமான சோதனை நடந்தது தென்னாப்பிரிக்காவில். ஜொகனஸ்பேர்க்கில் தோமஸ் பொத்வெல்லின் குழு, அந்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளித் தாய்மாரிடம் காய்கறிகளைச் சோதித்து 1983இல் முடிவுகளை வெளியிட்டது. 1860இல் சென்னையிலிருந்து துரூரோ என்ற கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலிப் பயணத்தின் வழி வந்த சமூகம் அது. சோறும் பருப்பும் கீரையும் அவர்களுக்கு அந்நியமான உணவல்ல. அந்தச் சோதனையின் அழகு என்னவென்றால், எல்லாத் தட்டிலும் இரும்பின் அளவை 3 மில்லிகிராம் என்று ஒரே அளவாக்கிவிட்டார்கள். ஆகவே எந்தக் காய்கறியில் இரும்பு கூட என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எந்தக் காய்கறி இரும்பை உள்ளே விடுகிறது, எது மறிக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

கத்தரிக்காயோடு போன இரும்பில் நூற்றுக்கு ஒன்றுகூட ஏறவில்லை. ஸ்பினாச்சில் நூற்றுக்கு 1.4. மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த தோல் நீக்காத பருப்பில் 2.4. மறுபக்கம் பூசணியில் 20, தக்காளியில் 22, கோவாவில் 32. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பீற்றூட்தான். அதன் கிழங்கோடு போன இரும்பில் நூற்றுக்கு 18.5 உள்ளே போனது. அதே செடியின் இலையோடு போனதில் 2.4 மட்டும். ஒரே மண், ஒரே வேர், ஒரே வெயில்! நன்றாக விட்ட காய்கறிகள் எல்லாவற்றிலும் மலிக், சித்திரிக், அஸ்கோபிக் ஆகிய அமிலங்களில் ஒன்றோ பலவோ தாராளமாக இருந்தன. அஸ்கோபிக் அமிலம் என்பது விற்றமின் சிதான். மறித்தவற்றில் சிலவற்றுக்குப் பைற்றிக் அமிலம் காரணம். மற்றவற்றின் மேல் இரும்பு உப்பு ஊற்றியபோது அவை நீலக் கறுப்பாக மாறின. வாழைப்பூக் கத்தியின் அதே நிறம். அது பொலிபீனோலின் கையெழுத்து.

அப்படியென்றால் கீரையைக் கைவிடுவதா? வேண்டாம். கீரையில் இரும்பு மட்டுமா இருக்கிறது? போலேற்று, விற்றமின் கே, நார்ப்பொருள், கரோட்டீன் எல்லாம் உண்டு. இரும்புக்கென்று கீரையை நம்புகிறவர்கள் அதைத் தனியே அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

கல்கிசையின் எந்தச் சோற்றுக் கடையிலும் கிடைக்கும் வல்லாரைச் சம்பலை இந்தக் கண்ணால் பாருங்கள். இலையை மயிர்போல அரிகிறோம். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, சில வீடுகளில் தக்காளி, கொஞ்சம் மாசிக் கருவாடு. கடைசியில் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் ஏற்றுவதில்லை. ஆகவே சூட்டில் அழியும் விற்றமின் சி அப்படியே தங்குகிறது. தக்காளியின் அமிலங்களும் உடன் இருக்கின்றன. மாசிக் கருவாடு சுவைக்காகப் போட்டது, ஆனால் அது செய்யும் வேலை வேறு. லெய்ரிஸ் 1968லேயே கண்ட விடயம் இது: மீனையோ இறைச்சியையோ சோளத்தோடும் அவரையோடும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தச் சோளத்திலும் அவரையிலும் உள்ள இரும்பே கூடுதலாக உறிஞ்சப்பட்டது. தசைப் புரதம் தன் இரும்பையும் தந்து, அடுத்தவரின் இரும்புக்கும் வழி திறக்கிறது. முட்டைக்கும் பாலுக்கும் இந்தக் குணம் இல்லை. பெரிய மீன் விலை ஏறிப்போன நாட்களில் ஒரு கைப்பிடி நெத்தலி இந்த வேலைக்குப் போதும். முள்ளோடு தின்பதால் கல்சியமும் சேரும்.

தேசிக்காய்க்கு மட்டும் நாம் கொடுக்கும் மதிப்பு கொஞ்சம் அதிகம். 100 மில்லிலீற்றர் தேசிச் சாற்றில் விற்றமின் சி 30 மில்லிகிராம் அளவுதான். சம்பலில் பிழிவது ஒரு தேக்கரண்டி என்றால் ஒன்றரை மில்லிகிராம், அது எந்த மூலைக்கு? தேசியின் பலம் அதன் சித்திரிக் அமிலத்தில் இருக்கலாம். பொத்வெல் குழு அதே 1983 ஆய்வில் ஒரு சோற்று உணவில் 1 கிராம் சித்திரிக் அமிலத்தைச் சேர்த்தபோது உறிஞ்சல் மும்மடங்கானது. ஆனால் அடுத்த ஆண்டே ஹால்பேர்க் குழு லத்தீன் அமெரிக்கச் சாப்பாட்டில் அதைச் சேர்த்துப் பார்த்தபோது உறிஞ்சல் குறைந்தது. ஆகவே தேசியைச் சுவைக்குப் பிழியுங்கள், இரும்புக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

அந்த வேறொன்று தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கப்படுகிறது. கொய்யா! 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராம் அளவு விற்றமின் சி உண்டு. ஓர் உணவில் 50 மில்லிகிராம் இருந்தாலே தாவர இரும்பின் உறிஞ்சல் ஏறத்தாழ இரு மடங்காவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதைக் கொய்யாவை வைத்தே செய்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சோற்றுச் சாப்பாடு கொடுத்து, நிலையான சமதானிகளால் அளந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யா சேர்ந்தபோது இரும்பு உறிஞ்சல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. துத்தநாகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் சைவம் என்று இருக்கும் வீடுகளில், மாசி இல்லாத சம்பலுக்கு ஈடாக இந்தப் பழத்தைச் சோற்றோடு வைக்கலாம். நெல்லிக்காயும் பப்பாசியும் அடுத்த தெரிவுகள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழம் அந்தச் சாப்பாட்டோடேயே போக வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குத் தின்ற கொய்யா மத்தியானக் கீரைக்கு உதவாது.

இனித் தேத்தண்ணி. இலங்கையில் இதைப் பற்றிக் கெட்டது சொல்வது நன்றிகெட்ட வேலை. ஆனால் சான்றுகள் தெளிவாக இருக்கின்றன. அமெரிக்காவில் 1983இல் வெளியான ஒரு சோதனையில் ஹம்பேகர் சாப்பாட்டோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 39 சதவீதம் குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 சதவீதம். 1999இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர் ரிச்சர்ட் ஹரலின் குழு பாண் சாப்பாட்டோடு பல பானங்களை ஒப்பிட்டது. கறுப்புத் தேநீர் எல்லாவற்றிலும் முன்னே நின்றது. அதன் குறைப்பு 79 முதல் 94 சதவீதம் வரை. பால் சேர்த்தால் தப்பலாமா என்பதையும் பார்த்தார்கள். பாலால் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. பாண், பருப்புக் கறி, பால் தேத்தண்ணி என்ற நம்முடைய காலைச் சாப்பாட்டுக்கு இது நல்ல செய்தி அல்ல.

ஆனால் இதே சோதனைகளில் ஒரு வழியும் இருக்கிறது. 1983இன் ஆய்வில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னே குடித்த கோப்பி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரு மணித்தியாலம் பின்னே குடித்தது, கூடவே குடித்ததைப் போலவே மறித்தது. வயிறு அவ்வளவு விரைவில் காலியாவதில்லை என்பதால் இதில் ஆச்சரியமில்லை. 2017இல் இங்கிலாந்தில் பெண்களிடம் தேநீரை வைத்துச் செய்த சோதனையில் நிலைமை சற்று மேல். உணவுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோது மறிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே என் தீர்ப்பு: தேத்தண்ணியைக் குறைக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். விடிய எழும்பியதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று. சோறு தின்று கை கழுவிய உடனே வேண்டாம்.

நம்ப மறுக்கிறவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கடும் பிளேன் டீயில் துருப்பிடிக்கக்கூடிய சாதாரண இரும்பு ஆணியைப் போட்டு ஓர் இரவு வைத்துவிடுங்கள். விடிந்ததும் தேநீர் மைக்கறுப்பாக இருக்கும். அதில் தேசிக்காயைப் பிழிந்தால் கறுப்பு வெளுக்கும். இரும்பைப் பொலிபீனோலிடமிருந்து அமிலம் பிடுங்குவதைக் கண்ணாடிக் கோப்பையில் பார்த்துவிட்டீர்கள். குடிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

பைற்றிக் அமிலத்தை வெல்லும் வழியை நம் சமையலறைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன, காரணம் தெரியாமலே. விதை முளைக்கும்போது பைற்றேஸ் என்ற நொதியம் விழித்து, பைற்றிக் அமிலத்தை உடைக்கத் தொடங்குகிறது. ஊறவைத்தாலும் புளிக்கவைத்தாலும் இது ஓரளவு நடக்கும். ஆகவே முளைகட்டிய பயறு, புளித்த தோசை மா, முளைகட்டிக் காயவைத்து அரைத்த குரக்கன் மா ஆகியவை வெறும் பயற்றையும் வெறும் மாவையும்விட இரும்புக்கு நல்லவை. முளைப்பயறில் புதிதாக விற்றமின் சியும் ஊறுகிறது. குரக்கனைப் பற்றி ஒரு சொல். 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிய கல்சியத்துக்காக அதைப் புகழுங்கள். இரும்புக்காகப் புகழ்வதென்றால் முளைகட்டிய பிறகு புகழுங்கள். தவிட்டோடு பொலிபீனோலும் அதில் ஏராளம்.

உடற்கிடைப்பு என்ற கேள்வி இரும்போடு நிற்பதில்லை. மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்குக் கடும்பச்சைக் கீரைகளைக் கொடுத்துப் பார்த்த சஸ்கியா டி பீயும் கிளைவ் வெஸ்ற்றும் 1995இல் எழுதிய கட்டுரை பலரைத் திடுக்கிட வைத்தது. கீரையின் கரோட்டீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் என்பது பாடநூல் செய்தி. ஆனால் அந்தத் தாய்மாரின் விற்றமின் ஏ நிலை எதிர்பார்த்தபடி உயரவில்லை. இலையின் கலங்களுக்குள் கரோட்டீன் இறுகச் சிறைப்பட்டிருக்கிறது. கலச்சுவர் உடைந்தால்தான் வெளியே வரும், கொழுப்பு உடனிருந்தால்தான் குடலில் கரையும். பிறகு 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் உணவுக் கரோட்டீனின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. மயிர்போல அரிவதும் தேங்காய்ப்பூ சேர்ப்பதும் வெறும் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். இலைக்கஞ்சிக்கு இலையை அரைத்துப் பிழிந்து தேங்காய்ப்பால் விடுவதும் இதே வழிதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு தடை. மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டில் அளந்தவை. வழக்கமான பல உணவுகளை நாள் முழுக்கத் தின்னவிட்டு அளந்த ஆய்வுகளில் விற்றமின் சி போன்ற ஊக்கியின் விளைவும் தேநீர் போன்ற மறிப்பானின் விளைவும் மிகச் சிறியவையாகவே தெரிந்தன. பலவகை உணவு தின்கிறவர்களுக்கு ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகிறது. மாறாகச் சோறு, பருப்பு, தேத்தண்ணி என்று தட்டு ஒடுங்கிப்போன வீட்டில் ஒரு கொய்யாப்பழம் செய்யும் வேலை பெரிது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் பல தட்டுகளிலிருந்து போயின. அந்த வீடுகளைப் பார்த்துத்தான் இந்த ஆலோசனையைச் சொல்ல வேண்டும். மாதம் முழுக்க வகை வகையாகத் தின்கிறவர்கள் தேத்தண்ணி நேரத்தைக் குறித்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

குளிசைக்கும் உணவின் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. நமது கர்ப்பிணிக் கிளினிக்குகளில் இரும்புக் குளிசையோடு விற்றமின் சியும் கொடுப்பது வழக்கம். ஆனால் சீனாவில் இரும்புக் குறை இரத்தச்சோகை உள்ள 440 பேரிடம் செய்து 2020இல் வெளியான சோதனையில், இரும்புக் குளிசையோடு விற்றமின் சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. குளிசையில் இரும்பின் அளவு உணவைவிடப் பல மடங்கு. அங்கே ஊக்கியின் உதவி தெரியாமல் போய்விடுகிறது. கிளினிக்கில் தந்ததை நிறுத்துங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள்.

மருந்துக் கடைகளிலும் சுப்பர் மார்க்கெற்றிலும் அடுக்கியிருக்கும் முருங்கையிலைத் தூளுக்கும் இரண்டு வரி. தோடம்பழத்தைவிட இத்தனை மடங்கு, பாலைவிட அத்தனை மடங்கு என்று போத்தலில் போட்டிருப்பார்கள். அந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை காய்ந்த தூளையும் ஈரமான உணவையும் கிராமுக்குக் கிராம் வைத்தவை. முருங்கையிலையில் முக்கால் பங்கு தண்ணீர். காயவைத்தாலே எல்லா எண்ணும் நாலு மடங்காகிவிடும். பாலை நூறு நூறு மில்லிலீற்றராகக் குடிக்கிறோம், தூளை எவ்வளவு தின்போம்? ஒரு தேக்கரண்டி. வீட்டு வளவில் நிற்கும் மரத்தின் இலையை நெத்தலி போட்டு வறை வறுத்துத் தின்பது மலிவு, சுவை, அறிவியலுக்கும் நெருக்கம்.

கடைசியாக, சுங்கத்தின் அதிகாரி. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்ட ஹெப்சிடின் என்ற ஓமோனை ஈரல் சுரக்கிறது. களஞ்சியத்தில் இரும்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடும், குடல் வாசல் மூடும். குறைந்திருந்தால் ஹெப்சிடின் குறையும், வாசல் அகலத் திறக்கும். காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போதும் வாசல் மூடிவிடுகிறது. நாட்பட்ட நோயாளிகள் எவ்வளவு நல்லதைத் தின்றும் இரும்பு ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தலசீமியா மரபணுவைக் காவுகிறவர்கள் இங்கே கணிசமாக உள்ளார்கள், அதற்கென்றே குருநாகலில் தேசிய நிலையம் இயங்குகிறது. அவர்களுக்கும் ஈமோகுளோபின் குறைவாக, செங்குருதிக் கலங்கள் சிறியவையாகத் தெரியும். பார்வைக்கு இரும்புக் குறை போலவே இருக்கும். ஆனால் களஞ்சியத்தில் இரும்பு போதியளவு இருக்கலாம். தலசீமியாவின் சில வகைகளில் ஹெப்சிடின் அடங்கிப்போய், வேண்டாத இரும்பையும் உடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்படித் தேங்கும் இரும்பு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

ஆகவே உணவை மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கீரைக்கு மீனையோ கொய்யாவையோ துணைக்கு வையுங்கள், தேத்தண்ணியைத் தள்ளிவையுங்கள். இரும்புக் குளிசையை மட்டும் அயலவர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். முதலில் உடலின் இரும்புக் களஞ்சியத்தைக் காட்டும் பெரிற்றின் பரிசோதனை ஒன்றைச் செய்து, அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.